சாக்லேட் ஒட்டகச்சிவிங்கி

அவளுடைய நிஜப் பெயர் அடையாள அட்டையோடு சரி. சாக்லேட் தொழிற்சாலையில் வாசல் காவலாளி முதல் முதலாளியம்மா வரை எல்லோருக்கும் அவள் ஐஸக்கா. ஐஸ் வைத்துப் பேசுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வித்தை அவளுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. காரணம் அவளுடைய கை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலை கேட்டு வந்தபோது முதலாளியம்மா அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு சாக்லேட் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மற்றவர்கள் கையில் ஒரு நிமிஷத்தில் குழைந்துபோகிற துண்டு இவள் கையில் நாலு நிமிஷம் விறைப்பாக உட்கார்ந்திருந்தது. "நாளைக்கே வந்துடும்மா" என்றார். அங்கே ஆள் எடுக்கிற முறை அதுதான். படிப்பு, அனுபவம் எல்லாம் அப்புறம்.

கை குளிர்ந்தவர்களுக்குக் கைவேலை மேசை. ஒரே அச்சில் அடங்காத பெரிய உருப்படிகளைத் துண்டு துண்டாக வார்த்து அங்கேதான் ஒட்டுவார்கள். பசையெல்லாம் கிடையாது. உருக்கிப் பதம் பார்த்த சாக்லேட்தான் பசை. அதைத் தடவி, இரண்டு துண்டையும் சேர்த்து, இறுகும் வரை கையாலேயே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆறு நிமிஷமோ எட்டு நிமிஷமோ, மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. கை சுட்டதோ, மெல்லிய கையுறையையும் மீறிப் பிடித்த இடம் மங்கிப்போய் விரல் தடம் விழுந்துவிடும். ஐஸக்கா செய்த பியானோவிலும் பாய்மரக் கப்பலிலும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஒரு தடம் கிடைக்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே! இருபத்திரண்டு வருஷம் தடம் விடாமல் வேலை செய்தவளுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

ஐம்பதாவது வயதில் அந்தக் கை அவளைக் காட்டிக்கொடுத்தது.

முதலில் மாதவிலக்கு தப்பித் தப்பி வந்தது. ஒரு மாதம் வரும், அப்புறம் மூன்று மாதம் எட்டிப் பார்க்காது. விட்டது சனியன் என்று அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் போனது சும்மா போகவில்லை. திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பும். கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். முகம் சிவந்து, முதுகில் வேர்வை ஓடும். நாலு நிமிஷத்தில் எல்லாம் அடங்கி, நனைந்த சட்டைக்குள் உடம்பு வெடவெடக்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை இந்தக் கூத்து. தூக்கம் போயிற்று. அதன் பின்னாலேயே பொறுமையும் போயிற்று. கணவர் தண்ணீர் குடிக்கிற சத்தம்கூடத் தன்னை வெறுப்பேற்றவே செய்வதுபோல் இருந்தது. பாவம், அந்த மனிதர் இருபத்தாறு வருஷமாக அதே சத்தத்தோடுதான் குடித்துக்கொண்டிருந்தார்.

கைவேலை அறையை எப்போதும் பதினெட்டு டிகிரியில் வைத்திருப்பார்கள். அது சாக்லேட்டுக்கு நல்லது, மனிதர்களுக்குச் சுமார். ஐஸக்காவுக்குப் போதவில்லை. யாரும் பார்க்காதபோது சுவரில் இருந்த பொத்தானை அழுத்தி டிகிரியைப் பதினான்குக்கு இறக்கிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மேசைக்குத் திரும்பிவிடுவாள். பக்கத்து மேசையில் கிரீம் நிரப்புகிற கிரீம்காரிக்கும் இவள் வயதுதான். இரண்டு ஸ்வெட்டர்களை ஒன்றின் மேல் ஒன்று மாட்டிக்கொண்டு அவள் தினமும் கத்துவாள். "நான் என்ன மீனா, ஐஸ்ல போட்டு வைக்கிறதுக்கு?"

சூப்பர்வைசர் ஏ.சி. மெக்கானிக்குக்குப் போன் செய்தார். இங்கேதான் வேடிக்கை. தொழிற்சாலையின் ஏ.சி.களைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர் வேறு யாரும் இல்லை, ஐஸக்காவின் கணவர்தான். அவர் ஏணி போட்டு ஏறினார், குழாயைத் தட்டினார், மூடியைக் கழற்றினார். மூன்று மணி நேரம் தேடியும் ஒரு கோளாறும் அகப்படவில்லை. கடைசியில் சுவர்ப் பொத்தானைப் பார்த்தார். குறைக்கிற பொத்தானின் மேல் மட்டும் பழுப்பு நிறத்தில் ஒரு விரல் தடம். திரும்பி அறையைப் பார்த்தார். எல்லோரும் ஸ்வெட்டரில் சுருண்டிருக்க, ஒரே ஒருத்தி மட்டும் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முகம் சிவந்து, இவர் பக்கமே திரும்பாமல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

"சென்சார்ல சின்னக் கோளாறு சார், சரி பண்ணிட்டேன்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் கை கழுவிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

"உங்க ஏ.சி.யோட கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"என்னவாம்?"

"அதுக்கு வயசு அம்பது. என் பொண்டாட்டி."

அவள் சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்துவிட்டது. அவர் துண்டை எடுத்து நீட்டினார்.

"எத்தனை நாளா இப்படி?"

"எட்டு மாசமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா? ஏ.சி.க்கு நிரப்பற மாதிரி எனக்கும் கேஸ் நிரப்பி விட்டுடுவீங்களா?"

"நிரப்பத் தெரிஞ்சவங்ககிட்ட கூட்டிட்டுப் போவேன்ல!"

போகலாம், பார்க்கலாம் என்று அவள் தள்ளிப்போட்டாள். பட்டால்தானே நமக்குப் புத்தி வரும். அடுத்த வாரமே பட்டது. அவள் ஒட்டிய சாக்லேட் வயலின் ஒன்று வாங்கியவரிடமிருந்து திரும்பி வந்தது. கழுத்துப் பகுதியில் வரிசையாக நாலு விரல் தடம், பக்கத்தில் ஒரு கட்டை விரல். திருடனைப் பிடிக்கப் போலீஸ் எடுத்த ரேகைகூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. முதலாளியம்மா கோபப்படவில்லை, அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"பத்து வாரத்துல மிருகக்காட்சி சாலைக்காரங்களுக்கு ஏழடி ஒட்டகச்சிவிங்கி பண்ணணும்" என்றார். "அதை நீ தடம் இல்லாம முடிச்சிட்டா மேசை உன்னுது. இல்லேன்னா பெட்டி கட்டற பக்கம் போயிடும்மா. உக்காந்த வேலை, உடம்புக்கும் நல்லது."

உட்கார்ந்த வேலையாம்! பெட்டி மடிப்பது, ரிப்பன் கட்டுவது, மறுபடி பெட்டி மடிப்பது. ஐஸக்கா அதற்குமேல் தள்ளிப்போடவில்லை. அன்றைக்கே கணவருக்குப் போன் செய்தாள். "டாக்டரைப் பாக்கலாம்னீங்களே, இன்னிக்கே போலாமா?"

அதற்குள் விஷயம் நாத்தனார் காதுக்குப் போய், அவளும் போனில் வந்துவிட்டாள். "ஹார்மோனா? ஐயையோ அண்ணி, கேன்சர் வரும்! எல்லாருக்கும் வர்றதுதானே, பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தா போயிடும்."

"பல்லைக் கடிச்சுக் கடிச்சு ரெண்டு பல்லு ஆடுது" என்று சொல்லிவிட்டு ஐஸக்கா போனை வைத்தாள். ஆனாலும் அந்த ஒரு சொல் மனசில் ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் கேட்டாள்.

டாக்டரம்மா வேகமாகப் பேசுகிறவர். ஆனால் மழுப்புகிறவர் இல்லை. "நல்ல கேள்வி. உங்களைப் பத்தி நான் கொஞ்சம் கேட்டுட்டு அதுக்குப் பதில் சொல்றேன்" என்றார். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ மார்புப் புற்றுநோய் உண்டா? காலில் ரத்தக்கட்டு, பக்கவாதம், கல்லீரல் கோளாறு? கர்ப்பப்பை இருக்கிறதா, எடுத்தாயிற்றா? ரத்தக்கொதிப்பைப் பார்த்தார், மார்புக்கு ஒரு படம் எடுத்துவரச் சொன்னார். எல்லாம் வந்த பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுக்கு மெனோபாஸ்னு பேரு. நோயில்ல. ஆனா நோய் இல்லேங்கிறதுக்காகக் கஷ்டப்படணும்னு சட்டமா? உடம்புல ஈஸ்ட்ரோஜன் குறையுது, உடம்போட சூட்டைக் கட்டுப்படுத்தற இடம் மூளையில தடுமாறுது. குறையறதைக் கொஞ்சம் வெளியில இருந்து குடுக்கறதுதான் ஹார்மோன் சிகிச்சை. எல்லாருக்கும் ஒத்துவராது, உங்களுக்குத் தடை எதுவும் தெரியல. மார்புப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான் செய்யும், வருஷக்கணக்குல எடுத்தா இன்னும் கொஞ்சம். அதை மறைக்க மாட்டேன். வருஷா வருஷம் பரிசோதிச்சு, வேணுமா வேணாமான்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுவோம். இப்ப நீங்க சொல்லுங்க."

எட்டு மாதத்தில் முதல் முறையாக ஒருவர் அவளிடம் "நீங்க சொல்லுங்க" என்கிறார். ஐஸக்கா கணவரைப் பார்த்தாள். அவர் கூரையில் இருந்த ஏ.சி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க டாக்டர்" என்றாள்.

கட்டை விரல் அகலத்தில் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு பேட்ச். வாரம் இரண்டு தடவை, இடுப்புக்குக் கீழே, மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். கர்ப்பப்பையின் பாதுகாப்புக்கு ராத்திரி படுக்கும்போது ஒரு மாத்திரை. இவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் முதல் பேட்சை ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள். இந்தத் துண்டுக் காகிதமா என் சூட்டை அணைக்கப்போகிறது என்று சந்தேகம் வந்தது.

அணைக்கவில்லை. ஏனென்றால் அது அவள் மேல் இருக்கவே இல்லை. முதல் பேட்ச் மறுநாள் காலையில் தலையணை உறையில் கிடந்தது. இரண்டாவது காணாமலே போயிற்று. மூன்றாவது, கணவர் ஒரு ஓட்டலில் ஏ.சி. பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சட்டை முதுகில் இருந்ததை மானேஜர் பார்த்து, விலைச் சீட்டு என்று நினைத்து உரித்துக் கொடுத்தாராம். "ரெண்டு நாளா நான் எவ்வளவு சாந்தமா இருக்கேன், கவனிச்சியா?" என்று கணவர் கேட்டார். அவள் கரண்டியைத் தேடினாள். மூன்று வாரம் இப்படியே ஓடியது. சூடும் குறையவில்லை, ஒட்டகச்சிவிங்கி நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுபடி டாக்டரம்மாவிடம் போய், "உங்க மருந்து என் உடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்றாள்.

"குளிச்சதும் உடம்புல என்ன தடவறீங்க?"

"கோகோ வெண்ணெய்தான். எங்க தொழிற்சாலையில எல்லாரும் அதைத்தான் தடவுவோம். பழகிடுச்சு, இருபத்திரண்டு வருஷமா."

டாக்டரம்மா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். "ஊர்ல ஆயிரம் பேருக்கு இந்த பேட்ச் எழுதிக் குடுத்திருக்கேன். வெண்ணெய்ச் சட்டியில ஒட்டப் பாத்த ஆளு நீங்க ஒருத்தர்தான்!"

வெண்ணெய் டப்பா அலமாரியின் மேல் தட்டுக்குப் போயிற்று, பேட்ச் இடுப்பில் உடும்புப் பிடியாக நின்றது. அப்புறம் நடந்ததை ஐஸக்கா இன்றைக்கும் கை விரித்து விரித்துச் சொல்வாள். முதல் பத்து நாள் பெரிதாக ஒன்றுமில்லை. பிறகு பன்னிரண்டு தடவை வந்த சூடு ஏழாயிற்று. ஏழு நாலாயிற்று. ஒரு நாள் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. அவள் பதறி எழுந்து கணவரை உலுக்கினாள். "என்னங்க, நான் தூங்கிட்டேன்! முழுசாத் தூங்கிட்டேன்!" அவர், "என்னைத் தூங்க விடேன்" என்று புரண்டு படுத்தார். அவர் தண்ணீர் குடிக்கிற சத்தம் அன்றைக்கு வெறும் தண்ணீர்ச் சத்தமாகத்தான் கேட்டது.

ஐந்தாவது வாரம், சாப்பாட்டு இடைவேளையில் ஆளில்லாத நேரம் பார்த்து, ஒரு சாக்லேட் துண்டை உள்ளங்கையில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். நாலாவது நிமிஷத்திலும் துண்டின் முனை மழுங்கவில்லை. அவள் அறையை ஒரு சுற்று ஓடி வந்தாள். ஐம்பது வயதுப் பெண், தலையில் வலைத் தொப்பியும் காலில் வெள்ளை ரப்பர் பூட்ஸுமாக, ஓடினாள் என்று எழுதுவதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. பிறகு அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

ஒட்டகச்சிவிங்கி நாளும் வந்தது. மறுநாள் மிருகக்காட்சி சாலையில் புது ஒட்டகச்சிவிங்கிகளுக்கு வரவேற்பு. பள்ளிக்கூடங்களிலிருந்து முந்நூறு பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களுக்குச் சாக்லேட் ஒட்டகச்சிவிங்கியை உடைத்துப் பங்கு போடுவதாக ஏற்பாடு. நாலு மணிக்கு வண்டி வரும். கால்களும் உடம்பும் முந்தைய நாட்களிலேயே ஏறியாயிற்று. கழுத்து மூன்று துண்டு, உள்ளே வெற்றிடம். அதற்கு மேல் தலை, கொம்பு, காது. ஐஸக்கா ஐந்து மணிக்கே எழுந்து குளித்து, பேட்ச் மாற்ற வேண்டிய நாள் என்று புதிதாக ஒன்றை ஒட்டி, பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி புறப்பட்டாள். அந்தக் குஷியில் கை தானாக மேல் தட்டுக்குப் போயிருந்தது, வெண்ணெய் உடம்பு முழுக்கப் பளபளத்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக் கை அல்லவா, அதற்கு ஏது புத்தி.

பத்தரை மணிக்குத் தலை ஏறிவிட்டது. எட்டு நிமிஷம் பிடித்துவிட்டுக் கையை எடுத்தாள். பளிங்கு மாதிரி இருந்தது, ஒரு தடம் இல்லை. அறையில் இருந்த இருபது பெண்களும் கை தட்டினார்கள். கிரீம்காரிகூட, "ஐஸு, நீ மறுபடி ஐஸாயிட்டடி" என்றாள். மேசை நமதே என்று மிதந்தபடி ஐஸக்கா கழிவறைக்குப் போனாள்.

அங்கே போய் இடுப்பைப் பார்த்தால் பேட்ச் இல்லை.

சட்டையை உதறினாள், கால்சட்டையை உதறினாள், தரையில் குனிந்து தேடினாள். இல்லை. தொட்டால் இடுப்பு வழுக்கியது. காலையில் நடந்தது அப்போதுதான் புரிந்தது. எங்கே விழுந்திருக்கும்? காலையிலிருந்து அவள் ஏணியில் நின்று, கழுத்தின் திறந்த வாய்க்கு மேல் சாய்ந்து சாய்ந்துதான் வேலை செய்தாள். உருகின சாக்லேட் கிண்ணம் இடுப்பு உயரத்தில் இருந்தது.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. விரலில் சின்னக் கீறலுக்குப் பிளாஸ்திரி போட்டிருந்தாலும் வாசலில் இருக்கிற பதிவேட்டில் எழுத வேண்டும்: யார், எங்கே, எதற்கு. சாக்லேட்டில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியட்டும் என்று அதன் மேல் ஒட்ட நீலப் பிளாஸ்திரி ஒன்றும் தருவார்கள். சூப்பர்வைசர் காலையில் அதை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிப்பார். 'ஐஸக்கா, இடுப்பு, மாதவிலக்கு நின்றதற்கு' என்று முப்பது வயதுப் பையன் வாயால் படிக்கக் கேட்பதா? அதனால்தான் அவள் ஒரு நாளும் எழுதவில்லை. தப்புத்தான். அவளுக்கே தெரியும்.

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வண்டி வரும், ஒட்டகச்சிவிங்கி போகும், மேசை அவளுடையது. சொன்னால் கழுத்தை உடைக்க வேண்டும். உடைத்தால் நாலு மணிக்குள் இன்னொன்று எழும்புமா? எழும்பாவிட்டால் நாளை முதல் பெட்டி, ரிப்பன், பெட்டி. ஆனால் முந்நூறில் ஏதோ ஒரு குழந்தையின் வாயில் அந்தக் கண்ணாடித் தாள் போவதை நினைத்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"சார், கழுத்தை உடைக்கணும்."

சூப்பர்வைசர் அப்போதுதான் ஒட்டகச்சிவிங்கியோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். "என்னது?"

"என் உடம்புல ஒட்டியிருந்த பேட்ச் விழுந்துடுச்சு. உள்ள விழுந்திருக்கலாம்."

"என்ன பேட்ச்?" என்று அவர் குரலைத் தாழ்த்தினார்.

ஐஸக்கா தாழ்த்தவில்லை. இனிமேல் என்ன இருக்கிறது தாழ்த்துவதற்கு! "ஹார்மோன் பேட்ச் தம்பி. எனக்கு மாதவிலக்கு நின்னுபோச்சு. உடம்பெல்லாம் நெருப்பா எரிஞ்சுது. வயலின்ல விழுந்த தடம் அதனாலதான், ஏ.சி.யைக் குறைச்சதும் நான்தான். டாக்டர் இந்த பேட்ச் குடுத்தாங்க, நல்லாயிட்டேன். பதிவேட்டுல எழுத வெக்கப்பட்டுக்கிட்டு எழுதாம விட்டது என் தப்பு."

இருபது கரண்டிகள் அப்படியே நின்றன. சூப்பர்வைசரின் காது சிவந்தது. அவர் நல்ல பையன்தான், ஆனால் நாலு மணி வண்டி அவர் தலைக்கும்தான் வருகிறது. "உள்ள இருக்காதுக்கா... டார்ச் அடிச்சுப் பாக்கலாமே" என்றார். ஒட்டகச்சிவிங்கித் தலையின் திறந்த வாய் வழியாக அடித்துப் பார்த்தார்கள். தலையைத் தாங்கக் கழுத்துக்குள் வைத்த சாக்லேட் பலகை குறுக்கே நின்றது, அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே கடைந்தவளே தாழியை உடைக்க ஏணி ஏறினாள். "தலையைப் பிடிச்சுக்கோ" என்றாள் கிரீம்காரியிடம். கிரீம்காரி இன்னொரு ஏணியில் ஏறி, இரண்டு ஸ்வெட்டரோடும் தலையைக் கட்டிக்கொண்டாள். ஐஸக்கா மரச் சுத்தியலை எடுத்தாள். ஒரு அடி. கழுத்து கலகலவென்று சரிந்தது. யாரோ ஒருத்தி "ஐயோ!" என்று அழுதேவிட்டாள்.

ஒவ்வொரு சில்லையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்கள். கிண்ணத்துச் சாக்லேட்டை வடிகட்டினார்கள். உடம்புக் கூட்டுக்குள் கையை விட்டுத் துழாவினார்கள். பேட்ச் இல்லை.

தலையை இன்னும் குழந்தை மாதிரி மார்பில் அணைத்திருந்த கிரீம்காரிதான் சொன்னாள். "ஐஸு, பூட்ஸைக் கழட்டிப் பாத்தியா?"

கழற்றினாள். இடது காலுறைக்குள், கணுக்காலுக்குப் பக்கத்தில், சுருண்டு மடிந்து சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. சூப்பர்வைசர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐஸக்காவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்து கண் கலங்கியது. "சிரிச்சது போதும். மணி பதினொண்ணு இருபது. கழுத்து அச்சை எடுங்கடி!" என்று கத்தினாள்.

அப்புறம் அந்த அறையைப் பார்த்திருக்க வேண்டும்! நாலு பேர் சாக்லேட் உருக்க, இரண்டு பேர் பதம் பார்க்க, சூப்பர்வைசர் கையை மடித்துவிட்டு அச்சைத் துடைத்தார். வார்த்தார்கள், கவிழ்த்தார்கள், குளிர் அலமாரியில் வைத்தார்கள். ஐஸக்கா அதற்குள் பதிவேட்டில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, இடுப்பைச் சோப்புப் போட்டுத் துடைத்து, பையில் இருந்த புது பேட்சை ஒட்டி, மேலே நீலப் பிளாஸ்திரியும் ஒட்டிக்கொண்டாள். இரண்டு மணிக்குக் கழுத்தின் முதல் துண்டு ஏறியது. இரண்டரைக்கு இரண்டாவது, மூன்றுக்கு மூன்றாவது. மூன்று இருபதுக்கு அவள் ஏணியின் உச்சியில் நின்று தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். எட்டு நிமிஷம்.

மூன்றாவது நிமிஷத்தில் நெஞ்சு படபடத்தது. கழுத்தில் ஏதோ ஏறுகிற மாதிரி இருந்தது. அதுவா? பழைய சூடா? இல்லை, வெறும் பயமா? பேட்ச் காலையில் எப்போது கழன்றதோ! அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, கையை எடுக்கவும் முடியாது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கிரீம்காரி நிமிஷத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். "நாலு" என்றாள். பிறகு யாருக்கும் கேட்காத குரலில், "ஐஸு" என்றாள்.

"என்ன? தடம் விழுதா?"

"இல்ல. எனக்கு ரெண்டு வருஷமாச்சு."

"எது?"

"நீ சொன்னியே, அதுதான். உள்ள இருக்கற சட்டை தினம் நனைஞ்சுபோகுது. யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் ஸ்வெட்டர். நீ ஏ.சி.யைக் குறைச்சப்பல்லாம் உன்னைத் திட்டினேனே, மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்டி." ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுல எல்லாரும் எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுங்கறாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

ஐஸக்காவால் குனிந்து அவளைப் பார்க்க முடியவில்லை. கை தலையில் இருந்தது. "எண்ணு" என்றாள். "விடாம எண்ணு. முடிச்சிட்டு வர்றேன்."

"அஞ்சு" என்றாள் கிரீம்காரி. படபடப்பு மெல்ல இறங்கியது. வெறும் பயம்தான். ஆறு. ஏழு. எட்டு.

கையை எடுத்தாள். தலை நின்றது. முதலாளியம்மா எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஏணியில் தானே ஏறி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, ஒட்டை மேலும் கீழும் பார்த்தார். சூப்பர்வைசர் நடந்ததையெல்லாம் மென்று முழுங்காமல் சொன்னார்.

"பூட்ஸை முதல்ல பாத்திருந்தா கழுத்தை உடைச்சிருக்க வேணாமே" என்றார் முதலாளியம்மா.

"தோணலம்மா. பிள்ளைங்க சாப்பிடறதாச்சேன்னு மட்டும்தான் தோணிச்சு."

முதலாளியம்மா ஏணியிலிருந்து இறங்கினார். சூப்பர்வைசரிடம், "பெட்டி கட்டற பக்கத்துக்கு வேற ஆள் பாருங்க. இவ இந்த மேசையை விட்டு எங்கேயும் போகல" என்றார்.

நாலு மணி வண்டி ஒட்டகச்சிவிங்கியை ஏற்றிக்கொண்டு ஆமை வேகத்தில் வாசலைத் தாண்டியது. கிரீம்காரியைத் தவிர எல்லோரும் தெருமுனை வரை கூடவே ஓடிக் கையசைத்தார்கள். ஐஸக்கா மட்டும் திரும்பி வந்து, மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த கிரீம்காரியின் கையிலிருந்து துணியைப் பிடுங்கினாள்.

"கிளம்பு. டாக்டர் ஆறு மணி வரைக்கும் இருப்பாங்க."

"இன்னிக்கேவா? வெள்ளிக்கிழமை போறேனே..."

"ரெண்டு வருஷம் போதாதா உனக்கு?"

வாசலில் கணவர் தன் வண்டியோடு காத்திருந்தார். இருவரையும், அதில் ஒருத்தியின் அழுத முகத்தையும் பார்த்தார். பின் இருக்கையில் கிடந்த குழாய்களையும் ஸ்பானர்களையும் அள்ளி ஓரமாக ஒதுக்கினார். கிரீம்காரி ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினாள், பிறகு இன்னொன்றையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நனைந்த சட்டையோடு ஏறி உட்கார்ந்தாள்.